பேசித் தீர்க்கும் படகு

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாது. அப்பா விடமாட்டார். சண்டை போட்ட இரண்டு பேரையும் படகில் ஏற்றிக்கொண்டு போய், கரைக்கு எட்டாத இடத்தில் நங்கூரத்தைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, "இப்பப் பேசுங்க" என்பார். பேசி முடிக்கும்வரை படகு நகராது. கை நீட்டவும் வழியில்லை. சின்னப் படகில் ஒருவன் கை ஓங்கினால், ஓங்கினவனும் வாங்கினவனும் சேர்ந்துதான் தண்ணீரில் விழவேண்டும். நடக்கத் தெரிவதற்கு முன்பே படகில் உட்காரத் தெரிந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் எங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் பகையை இப்படித்தான் தீர்த்துக்கொண்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் இப்படித்தான் பேசினோம். அது எங்களைச் சேர்த்துவைக்கவில்லை, மரியாதையாகப் பிரித்துவைத்தது. அதுவும் தீர்வுதானே என்று அப்பா வெளியே சொன்னாலும், உள்ளே அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஒரு மகள் வாழாமல் வந்து உட்கார்ந்தாயிற்று, இன்னொருத்தியும் வந்துவிடக் கூடாது என்று கிடந்தார்.

அந்த இன்னொருத்திதான் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். என் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் படகுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவள். அவள் கை பட்ட படகை ஒரு பர்லாங்கு தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு சுத்தமான கோடு. "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை. அப்பா நம்பினார், ஏனென்றால் நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது.

அவள் புருஷன் மருந்துக்கடைக்காரன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று கடைக்கு வருகிற எல்லாரும் சொல்வார்கள். அப்பாவின் முழங்கால் வலிக்குத் தவறாமல் மாத்திரை கொண்டுவந்து, எதை எப்போது போடவேண்டும் என்று உறை உறையாகப் பிரித்து எழுதித் தருவான். தங்கையின் உடம்பில் இருக்கிற கன்றிப்போன இடங்களுக்குக் களிம்பு போடுவதும் அவன்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைப் பட்டம் வாங்கிப் படித்தவன்.

"படகுல கூட்டிட்டுப் போவோம். பேசட்டும்" என்றார் அப்பா.

"பேசுறதுக்கு என்னப்பா இருக்கு? கையை உடைச்சிருக்கான்."

"நீ பார்த்தியா? உனக்கு மூக்குக்கு மேல கோவம். எல்லாரையும் உன்னை மாதிரியே நெனைக்காத. பேசினா சரியாயிடும். சாயங்காலம் அவர் வண்டியிலயே ஏத்தி அனுப்பிடலாம். பொட்டியை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கேன்."

தங்கை எங்களைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மடிக்க வராமல், சட்டையைத் தாடையால் அழுத்திப் பிடித்து மடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அப்பா இதைச் சொன்னார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

படகுத்துறைக்கு அவன் காலையிலேயே வந்துவிட்டான். மடிப்புக் கலையாத சட்டை, வெள்ளை ஷூ. படகுக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்வது? கையில் ஒரு துணிப்பை, அதில் குமட்டலுக்கு மாத்திரை, வெயிலுக்குக் களிம்பு, அப்பாவுக்குப் புது உறைகள். லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன். "வேணாம்க்கா, வேர்க்குது" என்று மடியில் வைத்துக்கொண்டான்.

எங்கள் படகு மேல்மூடி இல்லாதது, எட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கால்வாய்களில் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் பிழைப்பு. அப்பாவுக்கு முழங்கால் போனதிலிருந்து சுக்கான் என் கையில். நான் பின்னால், அவர்கள் இருவரும் நடுப்பலகையில், அப்பா நங்கூரக் கயிற்றோடு முன்னால் வழி பார்த்துக்கொண்டு.

முதலில் வீடுகளின் முதுகு வழியாகப் போகிற குறுகலான கால்வாய். தெருப்பக்கம் பெயிண்ட் அடித்த வீடுகளெல்லாம் தண்ணீர்ப் பக்கம் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். துணிக்கொடிகள், தண்ணீர்ப் பம்பு, கழிவுக் குழாய்கள். ஒரு மாடியிலிருந்து பாத்திரம் கழுவின தண்ணீர் எங்களுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அப்பா அவனுக்கு ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே வந்தார். அவனும் "அப்படியா மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பார்க்கிறவர்கள் குடும்பமாக உல்லாசப் பயணம் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கால்வாய் முடிகிற இடத்தில் நீர்க்கதவு. உள்ளே போனதும் பின்கதவு மூடிக்கொள்ளும். தண்ணீர் மெதுவாக இறங்கி அந்தப் பக்கத்து மட்டத்துக்கு வந்தபிறகு முன்கதவு திறக்கும். அதுவரை இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர், தலைக்கு மேலே ஒரு துண்டு வானம். கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

"வீட்டுக்கு வந்துடு, என்ன? நீயில்லாம வீடே வெறிச்னு இருக்கு" என்றான் அவளிடம், தேன் தடவின குரலில்.

அவள் பாசிச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன்கிட்டதான் பேசுறேன்."

மடியிலிருந்த லைஃப் ஜாக்கெட் கொஞ்சம் நகர்ந்தது. அதற்கு அடியில் அவன் கை மாவுக்கட்டுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. தங்கை சத்தம் போடவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. சத்தம் போடாமல் இருக்க அவள் பழகியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்கிப் படகைச் சுவரில் மோதினேன். அவன் முன்னால் பாய்ந்து பலகை விளிம்பில் வாயை அடித்துக்கொண்டான்.

"கண்ணு தெரியலையா உனக்கு? இத்தனை வருஷத்துல ஒரு நாள் இப்படி இடிச்சிருக்கியா?" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்.

"கை தவறிடுச்சுப்பா."

"பரவால்ல மாமா, அக்காவைத் திட்டாதீங்க" என்றான் அவன். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையில் சொட்டியது. சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தச் சிரிப்பு சொன்னது. நானும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

முன்கதவு திறந்ததும் அகலமான காயல். அலையாத்திக் காடுகள் இரண்டு பக்கமும் விலகிப்போய், வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் முகத்துவாரம். காயல் தண்ணீரைக் கடல் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற நேரம் அது. அந்த நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் எதைப் போட்டாலும் கடலுக்குப் போய்விடும். மணல்திட்டின் மேல் அலைகள் உடைகிற சத்தம் இங்கேவரை கேட்டது. படகுகளுக்கு வழி காட்டுகிற வழிக்கம்பங்கள் சிவப்பும் பச்சையுமாக வரிசையாக நின்றன. அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். எஞ்சினை அணைத்தேன். நங்கூரம் போய்ச் சேற்றில் பிடித்தது.

அப்பா அவர்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "இப்பப் பேசுங்க."

முதலில் அவன்தான் பேசினான். அழுதுகொண்டே பேசினான். தான் ஒன்றுமே செய்யவில்லை, அவளுக்குத் தன்மேல் அன்பில்லை, கடையில் நாள்பூராவும் நின்றுவிட்டு வந்தால் ஒரு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கை அவளாக விழுந்து முறிந்தது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷருக்கு யார் அழுதாலும் தாங்காது. பெற்ற பெண் அழாமல் இருந்ததுதான் தப்பாகப் போயிற்று.

"நீ சொல்லு குட்டி" என்றார்.

தங்கை நிதானமாகச் சொன்னாள். "நான் விழலப்பா. கதவுச் சந்துல கையை வச்சு, கதவைச் சாத்தினார். ரெண்டு தடவை. முதல் தடவை உடையலைன்னு ரெண்டாவது தடவை. அப்புறம் அவரே கட்டு போட்டுவிட்டார். சரியாப் போடலைன்னு ஆஸ்பத்திரியில பிரிச்சு மறுபடியும் போட்டாங்க."

அப்பா கையிலிருந்த நங்கூரக் கயிற்றை முறுக்கினார்.

"நான் போகலப்பா. மடிச்ச துணியைப் பொட்டியில வைக்கவே இல்ல. இவர்கூட இனிமே வாழமாட்டேன்."

"அவசரப்பட்டு வார்த்தையை விடாத குட்டி..." என்று அப்பா ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பி அவள் காதோடு சேர்த்து அறைந்தான். பலகையைப் பலகையால் அடித்தது போலக் கேட்டது. அவள் தலை படகின் விளிம்பில் போய் மோதியது. படகு ஆடியது.

"மாப்ள, இது படகு! படகுல கை நீட்டக் கூடாது!" என்று அப்பா கத்தினார்.

என் மகளை அடிக்காதே என்று சொல்லவில்லை. படகில் அடிக்காதே என்றார். அவன் மேலிருந்ததைவிட எனக்கு அப்பா மேல் ஆத்திரம் வந்தது. எங்கள் எல்லாருக்கும் இருக்கிற அந்தப் பயம் இவனுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே, இந்த மனுஷர்! அவன் தரையில் பிறந்து தரையில் வளர்ந்தவன். படகு கவிழும் என்பது அவனுக்குப் படத்தில் பார்த்த சமாசாரம். நாங்கள் செய்த காரியம் என்னவென்றால், அவனுக்கு மூடின ஒரு அறையையும், ஓட முடியாத ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்து கொடுத்ததுதான்.

இரண்டாவது அறை. மூன்றாவது. பிறகு முடியைச் சுற்றிப் பிடித்து, அவள் கழுத்தை விளிம்புக்கு வெளியே தள்ளி, முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினான். "பேசுடி! இப்பப் பேசு!" என்றான். அவள் கால்கள் படகின் அடிப்பலகையில் படபடவென்று அடித்துக்கொண்டன.

அப்பா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்தான். அப்பாவின் முன்பல் இரண்டு போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு நங்கூரக் கயிற்றின் மேலேயே சரிந்து உட்கார்ந்தார்.

படகைக் கரைக்கு இழுக்கிற கொக்கிக் கழியை எடுத்து அவன் முதுகில் ஓங்கி அடித்தேன். ஒன்று விழுந்தது. இரண்டாவதற்குக் கழியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கை அவள் தலைமுடியில், ஒரு கை கழியில். அதை அப்படியே என் பக்கம் குத்தினான். விலா எலும்பில் இறங்கியது. மூச்சு நின்று, சுக்கான் மேல் மல்லாந்தேன். மேலே வானம் பளிச்சென்று இருந்தது. தங்கையின் கால்கள் அடித்துக்கொள்வது குறைவதைக் காதால் கேட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவனும் அவளும் இடது விளிம்பில் இருந்தார்கள், படகு ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. படகு சாய்ந்தால் எதிர்ப் பக்கம் போகவேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். நான் அதே பக்கத்து விளிம்பில் ஏறி, முழு எடையையும் போட்டு மிதித்தேன். தண்ணீர் மளமளவென்று உள்ளே வந்தது. அவன் தலைகுப்புறப் போனான். அவளும் போனாள். நான் வலது பக்கம் தாவிப் படுத்துக்கொண்டேன். பாதித் தண்ணீரோடு படகு தள்ளாடி நிமிர்ந்தது.

தங்கை மேலே வந்தாள். இருமினாள், வாந்தியெடுத்தாள், மாவுக்கட்டுக் கையை இழுத்துக்கொண்டு ஒரு கையால் நீந்தி நங்கூரக் கயிற்றைப் பிடித்தாள். அவன் கொஞ்சம் தள்ளி வந்தான். கையால் தண்ணீரை அறைந்தான். மேலே வந்தான், போனான். "அக்கா!" என்றான். என்னைத்தான் கூப்பிட்டான். படகு நங்கூரத்தில் நிற்க, நீரோட்டம் அவனை மட்டும் முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு வெள்ளை ஷூ தனியாக மிதந்தது.

கயிறு கட்டிய மிதவை வளையம் என் காலடியில் கிடந்தது. கையில் எடுத்தேன். போடவில்லை. அவன் சாகவேண்டும் என்று நினைத்தேன். அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் போதும், கடல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அப்பாவைப் பார்த்தேன். தாடையெல்லாம் ரத்தம். அவனுக்காக என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"விடு. போகட்டும்" என்றார்.

"போடுக்கா!" என்று தண்ணீரிலிருந்து சத்தம் வந்தது. தங்கைதான். கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கக் காதிலிருந்து ரத்தம் ஒழுக, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "வளையத்தைப் போடு!"

"உனக்கென்ன பைத்தியமா? உன்னைக் கொல்லப் பார்த்தவன்!"

"அவன் செத்துட்டா எல்லாரும் நல்லவன்னு சொல்வீங்க! தங்கமானவன் போய்ட்டான்னு அழுவீங்க, என்னையும் கூட உக்காந்து அழச் சொல்வீங்க! ஆயுசுக்கும் அவன் பொண்டாட்டியாவே கிடக்கணும் நான்!" தண்ணீர் வாய்க்குள் போய் இருமினாள். "எனக்கு அவனை விடணும்க்கா. உயிரோட இருந்தாத்தான் விட முடியும். போடு!"

போட்டேன். வாழ்நாளில் அதைவிட மனசில்லாமல் நான் எதையும் செய்ததில்லை. ஆனால் குறி தப்பவில்லை. இதே தொழில், கை தானாகப் போகிறது. வளையம் அவன் மூஞ்சிக்கு முன்னால் விழுந்தது. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். இந்தத் தடவை அது நிஜ அழுகை.

தங்கையை ஏற்றிவிட்டு, தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் அவனை இழுத்தேன். பக்கத்தில் வந்ததும் படகின் விளிம்பில் கையை வைத்தான். தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். மாவுக்கட்டு ஊறிக் கூழாகித் தொங்கிக்கொண்டிருந்தது. அதோடேயே அவன் விரல்களின் மேல் ஓங்கிப் போட்டாள். இருவருக்குமே வலித்திருக்கும். அவன் கையை எடுத்துவிட்டான்.

"படகுல ஏறக் கூடாது" என்றாள். "அந்தக் கம்பத்துல விடு."

அப்பா நங்கூரத்தைத் தூக்கினார். தண்ணீர் புகுந்த எஞ்சின் இருமி இருமிக் கிளம்பியது. வளையத்தோடு அவனைப் பக்கத்து வழிக்கம்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். அது விளக்கு மாற்றுகிறவர்கள் ஏறுகிற இரும்புக் கம்பம், ஏணியும் மேலே ஒரு ஆள் உட்காரத் தட்டும் உண்டு. பறவை எச்சம் காய்ந்து வெள்ளையாகக் கிடந்த அந்தத் தட்டில், வழுக்கி வழுக்கி ஏறி உட்கார்ந்தான்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க மாமா! இப்படி விட்டுட்டுப் போனா எப்படி?"

அப்பா அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் சுக்கான் பக்கத்தில் மாட்டியிருந்த ரேடியோவில் கடலோரக் காவலைக் கூப்பிட்டேன். மூன்றாவது சிவப்புக் கம்பத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், பெண்டாட்டியைத் தண்ணீரில் அழுத்திக் கொல்லப் பார்த்தவர், போலீசோடு வாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன், எனக்கு அலுக்கவில்லை.

மாமா பதில் சொல்லவில்லை என்றதும் அவன் பேசுடி என்று கத்தின குரலுக்கு வந்துவிட்டான். கம்பத்தைக் கட்டிக்கொண்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டே இருந்தான்.

"என்ன சொல்றான்?" என்று தங்கை கேட்டாள். அவள் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

"கரைக்கு வந்து உன்னைக் கொல்லுவானாம்."

"ஓ" என்றாள். பிறகு இடது காதில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே கேக்கலைக்கா. உள்ள காத்துப் போற மாதிரி இருக்கு."

திரும்பி வரும்போது தண்ணீர் எங்களுக்கு எதிராக இருந்தது. படகு நத்தை மாதிரி ஊர்ந்தது. மூச்சு விடும்போதெல்லாம் எனக்கு விலா குத்தியது. தங்கை நடுப்பலகையில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா முன்பக்கத்திலிருந்து மெதுவாக எழுந்து வந்து, அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். பிறகு தலையைக் குனிந்தபடி, பல் போன வாயால் முனகினார்.

"நீ கட்டோட வந்து நின்னப்பவே நான் கேட்டிருக்கணும் குட்டி. கேக்காம விட்டது என் தப்பு. பெத்தவன் பண்ற காரியமா அது? இந்த வீடு உன்னுது. உன்னை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டாங்க."

தங்கை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு அசைவு இல்லை. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகம் இடிந்துபோயிற்று. தன் மாத்திரை உறைகள் இருந்த துணிப்பை காலடியில் மிச்சமிருந்த தண்ணீரில் மிதப்பதையே வெறித்தார். அதைச் சொன்னதோடு எழுந்து போய்விடலாம் என்று பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இல்லை. இன்னும் இல்லை.

"அது கேக்காத காதுப்பா" என்றேன். "இந்தப் பக்கம் வந்து உக்காந்து, முதல்லேருந்து சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். யாரிடமும் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொல்லிப் பழகாத மனுஷர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தங்கையைச் சுற்றி வலது பக்கம் வந்தார். உட்கார்ந்தார். வாயிலிருந்த ரத்தத்தைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொன்னார்.